துப்பாக்கி பழுதானால் பட்டறைக்கா, உரிமக் கடைக்கா?

சித்தன்னவாசல் பக்கம் நிலக்கடலை காய் திரளும் நேரத்தில் போனால் பேச்சு பூச்சியைப் பற்றி இருக்காது. பன்றியைப் பற்றித்தான் இருக்கும். பகலில் தைலமரக் காட்டுக்குள் படுத்துக் கிடக்கும் காட்டுப்பன்றிகள் ராத்திரியில் கொல்லைக்குள் இறங்கினால், விடிவதற்குள் அரை ஏக்கரை உழுது போட்டுவிடும். விதைத்த மறுவாரம் மயில், காய் பிடித்த பிறகு பன்றி என்று கடலைக்கு இரண்டு கண்டம். ஒருமுறை அப்படி ஒரு கொல்லையைப் பார்க்கப் போயிருந்தேன். அறுபதைத் தாண்டிய விவசாயி ஒருவர், பயிரைக் காட்டிவிட்டு வீட்டுக்குள் போய் ஒரு துப்பாக்கியை எடுத்து வந்தார். அவருடைய அப்பா காலத்தில் பயிர்ப் பாதுகாப்புக்கென்று உரிமம் வாங்கிய ஒற்றைக்குழல் நாட்டுத் துப்பாக்கி. முறையாகத் தன் பெயருக்கு மாற்றி, தவறாமல் புதுப்பித்தும் வருகிறார். ஆனால் குதிரையின் வில் தளர்ந்துவிட்டது. கேப் உட்காரும் நிப்பிள் தேய்ந்து போயிருந்தது.

"சார், நம்ம லேத் பட்டறையில குடுத்தா அரை மணி நேரத்துல முடிச்சிருவான். லைசென்ஸ் கடையத் தேடிப் போனா ஒரு நாள் கூலி போயிரும். எதுல குடுக்க?" என்று கேட்டார்.

நான் பயிரியல் படித்தவன். களைக்கும் உரத்துக்கும் உடனே பதில் சொல்லலாம். இதற்கு அன்றைக்கு என்னிடம் பதில் இல்லை. சட்டத்தைப் புரட்டிப் பார்த்த பிறகு தெரிந்தது, அவர் யோசித்த அந்த அரை மணி நேர வேலை அவரையும் அந்தப் பட்டறைக்காரரையும் எங்கே கொண்டுபோய் விட்டிருக்கும் என்று. அதைத்தான் இந்த வாரம் உங்களிடம் சொல்ல வேண்டியிருக்கிறது. உங்களுக்குச் சொல்ல வேண்டியது போக, அரசுக்குச் சொல்ல வேண்டியதும் கொஞ்சம் இருக்கிறது.

முதலில் சட்டம். 1959-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம்தான் இன்றும் நடப்பில் இருக்கிறது. அதன் கீழான விதிகள் 2016-இல் புதிதாக வந்தன. துப்பாக்கி வைத்துக்கொள்ள உரிமம் வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரியும். துப்பாக்கியைப் பழுதுபார்ப்பதற்கும் தனி உரிமம் வேண்டும் என்பது பலருக்குத் தெரியாது. சட்டத்தின் 5-ஆம் பிரிவு, துப்பாக்கியைத் தயாரிப்பது, விற்பது, மாற்றி அமைப்பது ஆகியவற்றோடு ஒரே வரிசையில் பழுதுபார்ப்பதையும் வைக்கிறது. உரிமம் இல்லாதவர் பழுதுபார்க்கக் கூடாது. பழுதுபார்ப்பதற்காகத் துப்பாக்கியைத் தன் வசம் வைத்திருக்கவும் கூடாது. 2019 டிசம்பரில் வந்த திருத்தத்துக்குப் பிறகு இந்தப் பிரிவை மீறினால் குறைந்தபட்சத் தண்டனை 7 ஆண்டுச் சிறை. அதிகபட்சம் ஆயுள் சிறை. மண்வெட்டிக்குப் பூண் போடுகிறவருக்கும், கள்ளத் துப்பாக்கி செய்து விற்கிறவருக்கும் இந்த வாசகத்தில் வேறுபாடு கிடையாது. கொடுத்தவரும் தப்ப முடியாது. வாங்கிக்கொள்கிறவருக்கு ஆயுதம் வைத்திருக்கத் தகுதி உண்டா என்று உறுதி செய்யாமல் கையில் கொடுப்பதை 29-ஆம் பிரிவு குற்றமாக்குகிறது. அதோடு உரிமமும் ரத்தாகலாம். இரண்டு தலைமுறை ஒரு வழக்கும் இல்லாமல் காப்பாற்றி வந்த உரிமம் ஒரு வில்லுக்காகப் போய்விடும்.

இன்னொன்றையும் கவனியுங்கள். சட்டத்தில் துப்பாக்கி என்ற சொல்லுக்குள் அதன் பாகங்களும் அடங்கும். முழுத் துப்பாக்கியைத்தானே கொடுக்கக் கூடாது, குழலை மட்டும் கழற்றிக் கொண்டுபோனால் என்ன என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். குழலும் துப்பாக்கிதான். ரைஃபிளின் மேகசினும் அதன் பாகம்தான். கடலைக் கொல்லைக்காரரிடம் ரைஃபிள் இருப்பது அபூர்வம். பயிர்ப் பாதுகாப்புக்குச் சட்டம் குறிப்பிடுவது வாய்வழியாக மருந்து கெட்டிக்கும் துப்பாக்கியை. அது போதாது என்று உரிமம் வழங்கும் அதிகாரி கருதினால் 20 அங்குலத்துக்குக் குறையாத குழலுடைய, உட்புறம் வழுவழுப்பான வேறு துப்பாக்கிக்கு உரிமம் தரலாம். ஆனாலும் தற்காப்புக்கென்றோ, குடும்பச் சொத்தாகவோ .315 ரைஃபிளும் .22 ரைஃபிளும் சில வீடுகளில் இருக்கின்றன. அந்த வீடுகளில் கேட்டால் முதலில் சொல்லும் பழுது மேகசின்தான்.

மேகசின் என்பது பார்வைக்கு ஒரு தகரப் பெட்டி. உள்ளே ஒரு வில், அதன் மேல் தோட்டாவை ஏந்தும் தட்டு, மேலே தோட்டாவைப் பிடித்து நிறுத்தும் இரண்டு மடிப்பு விளிம்புகள், அவ்வளவுதான். ஆண்டுக்கணக்கில் தோட்டா நிரப்பி வைத்தும், துருப்பிடித்தும் வில் தளர்ந்தால் அடுத்த தோட்டா மேலே ஏறாது. கீழே விழுந்து விளிம்பு வளைந்தால் தோட்டா கோணலாக நுழைந்து நடுவில் சிக்கிக்கொள்ளும், அல்லது இரண்டு ஒன்றாக வரும். விபத்து நடப்பது பெரும்பாலும் அந்தச் சிக்கலை எடுக்கக் கை வைக்கும்போதுதான். அறைக்குள் ஒரு தோட்டா ஏறியிருப்பதை மறந்து, குழலைத் தன் பக்கமோ பிள்ளைகள் பக்கமோ திருப்பி வைத்துக்கொண்டு நோண்டுவார்கள். விளிம்பைக் குறடால் நெளித்துச் சரிசெய்வது, பேனாவிலிருந்து எடுத்த வில்லைப் போடுவது எல்லாம் வேண்டாத வேலை. தேய்ந்த மேகசினுக்கு மாற்று வேண்டுமானால் அதே மாதிரி, அதே கொள்ளளவு உள்ளதை உரிமம் பெற்ற ஆயுத விற்பனையாளரிடம் கேட்டு, ரசீதோடு வாங்க வேண்டும். கூடுதல் தோட்டா பிடிக்கும் மேகசின் கிடைக்கிறது என்று யாராவது ஆசை காட்டினால் விலகி நில்லுங்கள். வெளிநாட்டிலிருக்கும் மகனிடம் சொல்லி வரவழைப்பதும் கூடாது. ஆயுதமும் அதன் பாகமும் இறக்குமதியாக 10-ஆம் பிரிவின்படி அதற்கென்று உரிமம் வேண்டும்.

இனி அந்த நாட்டுத் துப்பாக்கிக்கு வருவோம். நம் பகுதியில் பெரும்பாலோர் கையில் இருப்பது அதுதான். கரிமருந்து எரிந்த பிறகு குழலுக்குள் மிஞ்சும் கசடு காற்றின் ஈரத்தை இழுக்கும். ஐப்பசி, கார்த்திகையில் துடைக்காமல் சாத்தி வைத்த துப்பாக்கி தை பிறப்பதற்குள் உள்ளே புண்ணாகிவிடும். வெளியே பளபளவென்று இருக்கும், உள்சுவர் அரித்திருக்கும். நிப்பிள் தேய்ந்தால் கேப் சரியாக உட்காராது. வெடிக்கும்போது புகையும் நெருப்பும் பின்னோக்கிச் சுடுகிறவர் முகத்துக்கே வரும். பட்டறையில் என்ன செய்வார்கள் தெரியுமா? தேய்ந்த ஓட்டையை அகலப்படுத்தி, கையில் கிடைத்த போல்ட்டைக் கடைந்து திருகிவிடுவார்கள். வண்டிப் பட்டையிலிருந்து வெட்டிய துண்டு வில்லாகும். அந்தத் தொழிலாளியின் கைத்திறமையில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஏர்க்கலப்பையை அவரைவிட யாரும் நன்றாகச் சரிசெய்ய முடியாது. ஆனால் கலப்பைக்கு உள்ளே வெடி வெடிப்பதில்லை. அந்த இரும்பு எவ்வளவு அழுத்தம் தாங்கும் என்று சோதித்துப் பார்க்க அவரிடம் வழி கிடையாது.

குழலையே மாற்றுவது அதைவிட மோசம். குழலில் பொறித்த எண்தான் உங்கள் உரிமத்தில் எழுதியிருக்கிறது. துப்பாக்கியின் எண்ணையோ முத்திரையையோ அழிப்பதும் மாற்றுவதும் 8-ஆம் பிரிவின்படி தடை. துரு எடுக்கிறேன் என்று பட்டறையில் சாணைக்கல்லில் தேய்த்து எண் மறைந்துபோனாலும், அடுத்த சோதனையில் பதில் சொல்ல வேண்டியவர் நீங்கள்தான்.

இரட்டைக்குழல் வைத்திருப்பவர்களுக்கு ஒரு சொல். பழைய இங்கிலாந்துத் துப்பாக்கிகள் பலவற்றின் தோட்டா அறை இரண்டரை அங்குலம், அதாவது 65 மில்லிமீட்டர். இன்று கடையில் கிடைக்கும் தோட்டாக்களில் 70 மில்லிமீட்டர் சாதாரணம். நீளமான தோட்டா அந்த அறைக்குள் நுழைந்துவிடும், வெடிக்கவும் செய்யும். ஆனால் வாய் முழுதாக விரிய இடம் இல்லாததால் அழுத்தம் ஏறிவிடும். குழலை மடக்கி மூடும் இடத்தில் ஆட்டம் கொடுக்கும் துப்பாக்கிக்கு அது ஆபத்து. அறையின் நீளத்தை ஒருமுறை உரிமம் பெற்ற பழுதுபார்ப்பவரிடம் அளந்து உரிமப் புத்தகத்தோடு எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

வீட்டில் நீங்களே செய்யக்கூடியது என்ன என்று கேட்பீர்கள். வெறும் துப்பாக்கி என்று இரண்டு முறை பார்த்து உறுதி செய்துகொண்டு, குழலைத் துணியால் துடைக்கலாம். கரிமருந்துத் துப்பாக்கி என்றால் வெந்நீரால் கழுவி, நன்றாகக் காயவைத்து, மெல்லிய எண்ணெய் பூசலாம். கட்டையில் விரிசல் இருக்கிறதா என்று பார்க்கலாம். அதற்கு மேல் குழல், விசை, வில், ஊசி, நிப்பிள், மேகசின் என்று எதில் கை வைப்பதானாலும் உரிமக் கடைதான்.

அந்தக் கடைக்கு யார் எடுத்துப் போவது? இங்கேதான் சட்டம் விவசாயிக்குக் கொஞ்சம் இடம் கொடுத்திருக்கிறது. அதைப் பலர் பயன்படுத்துவதில்லை. 3-ஆம் பிரிவின் ஒரு விதிவிலக்குப்படி, உரிமதாரரின் முன்னிலையிலோ அவருடைய எழுத்துப்பூர்வ அதிகாரத்தின் பேரிலோ, பழுதுபார்ப்பதற்கோ உரிமத்தைப் புதுப்பிப்பதற்கோ இன்னொருவர் துப்பாக்கியை எடுத்துச் செல்லலாம். அவருக்குத் தனி உரிமம் வேண்டியதில்லை. முட்டி வலியோடு இருக்கும் பெரியவர் பேருந்தில் அலைய வேண்டாம். மகனிடம் கடிதம் எழுதிக் கொடுத்து அனுப்பலாம். ஒன்றை மட்டும் முன்கூட்டிப் பாருங்கள்: உங்கள் உரிமம் எந்த எல்லைக்குள் செல்லும் என்று அதிலேயே எழுதியிருக்கும். கடை வேறு மாவட்டத்தில் இருந்தால், கிளம்புவதற்கு முன்பு ஆட்சியர் அலுவலகத்தின் ஆயுத உரிமப் பிரிவில் கேட்டுவிடுங்கள்.

பழுதுபார்க்கவே முடியாத நிலைக்கு வந்த துப்பாக்கியைப் பரணில் போட்டுவிடாதீர்கள். உரிமம் காலாவதியானாலோ உரிமதாரர் இறந்தாலோ, தாமதிக்காமல் காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற விற்பனையாளரிடமோ ஒப்படைக்க வேண்டும். அப்பா இறந்து மூன்று வருடமாகத் துப்பாக்கி வீட்டில் சும்மா கிடக்கிறது என்று சிலர் சாதாரணமாகச் சொல்கிறார்கள்; சும்மா கிடந்தாலும் அது உரிமமில்லாத துப்பாக்கி. வாரிசு பெயருக்கு உரிமம் கேட்க 2016 விதிகளில் வழி இருக்கிறது. உரிமதாரர் இறந்த பிறகு மட்டுமல்ல, அவருக்கு 70 வயது நிறைந்தாலோ, துப்பாக்கி 25 ஆண்டு அவர் வசம் இருந்தாலோகூட வாரிசு விண்ணப்பிக்கலாம்.

சட்டத்தை இவ்வளவு கடுமையாக வைத்திருப்பது தவறு என்று நான் சொல்லவில்லை. நம் மாவட்டத்துக்கு அதன் காரணம் தெரியும். 2021 டிசம்பர் 30 அன்று நார்த்தாமலை அருகே பசுமலைப்பட்டியில் துப்பாக்கிப் பயிற்சித் தளத்திலிருந்து வந்த குண்டு, வீட்டில் இருந்த 11 வயதுச் சிறுவனின் தலையில் பாய்ந்தது. சில நாட்களில் அவன் இறந்துபோனான். அது பயிற்சி பெற்றவர்கள் சுட்ட இடம். ரைஃபிள் குண்டு கொல்லையின் வரப்போடு நிற்பதில்லை என்பதை அந்தக் குடும்பம் சுமக்கும் துயரம் நமக்குச் சொல்லிவிட்டது. பயிர்ப் பாதுகாப்புக்கு ரைஃபிளைக் குறிப்பிடாமல் விட்ட சட்டத்தின் யோசனை சரியானதுதான்.

என் குறை வேறு இடத்தில். உரிமம் கொடுக்கிற அரசு, புதுப்பிக்கக் கட்டணம் வாங்குகிற அரசு, பழுதானால் எங்கே போவது என்று ஒரு வார்த்தை சொல்வதில்லை. ஊர்ப் பட்டறைக்குப் போகாதே என்று 7 ஆண்டுச் சிறையைக் காட்டுகிறது. போக வேண்டிய கடையின் பெயரை உரிமப் புத்தகத்தில் ஒரு மூலையில்கூட அச்சிடுவதில்லை. கடை தொலைவில், பட்டறை தெருமுனையில் என்றால் மனிதர்கள் எங்கே போவார்கள்? தேர்தல் வந்தால் துப்பாக்கிகளைக் காவல் நிலையத்தில் ஒப்படைக்கச் சொல்கிறார்கள். அது நியாயம்தான். மாதக்கணக்கில் கிடந்துவிட்டுத் திரும்பி வரும்போது துருவோடு வருகிறது. அந்தத் துருவை எடுக்கத்தான் முதலில் பட்டறைக்கு ஓடுகிறார்கள்.

நியூசிலாந்தில் 2019 மார்ச்சில் கிறைஸ்ட்சர்ச் பள்ளிவாசல்களில் நடந்த படுகொலைக்குப் பிறகு, பெரும்பாலான அரைத் தானியங்கித் துப்பாக்கிகளையும் பெரிய மேகசின்களையும் தடை செய்தார்கள். துப்பாக்கியைப் போலவே மேகசினையும் பாகங்களையும் தனித்தனியாகப் பெயர் சொல்லித் தடுத்தது அந்தச் சட்டம். ஆனால் சட்டம் போட்டதோடு நிற்கவில்லை. ஜூலையில் தொடங்கி நாடு முழுக்க முகாம்கள் நடத்தி, பாகங்களுக்கும் சேர்த்துப் பணம் கொடுத்துத் திரும்பப் பெற்றார்கள். சட்டத்துக்கு உட்பட்டதாக மாற்றக்கூடிய துப்பாக்கிகளை அங்கீகரிக்கப்பட்ட பழுதுபார்ப்பவரிடம் மாற்றிக்கொள்ள ஒரு வரம்பு வரை அரசே செலவை ஏற்றது. அந்த நாட்டின் பணம் நம்மிடம் இல்லை. ஊருக்கு ஊர் போக வேண்டும் என்ற எண்ணத்துக்குப் பணம் பெரிதாக வேண்டியதில்லை.

புதுக்கோட்டைக்கு நான் கேட்பது சிறியது. ஆண்டுக்கு ஒருமுறை, ஆடிப்பட்டக் கடலை விதைப்புக்கு முன், வட்டாட்சியர் அலுவலகத்திலோ குடுமியான்மலை அண்ணா பண்ணை போன்ற விவசாயிகள் வந்துபோகும் இடத்திலோ ஒரு முகாம். உரிமம் பெற்ற பழுதுபார்ப்பவர், காவல் துறையிலிருந்து ஒருவர், வருவாய்த் துறையிலிருந்து ஒருவர். துப்பாக்கியைப் பார்த்து, பயன்படுத்தத் தகுந்தது, பழுது நீக்க வேண்டியது, ஒப்படைக்க வேண்டியது என்று எழுதிக் கொடுத்தால் போதும். கால்நடைக்குத் தடுப்பூசி முகாம் நடத்தத் தெரிந்த நிர்வாகத்துக்கு இது முடியாத காரியம் இல்லை. உரிமம் பெற்ற கடைகளின் பட்டியலைத் தமிழில் அச்சிட்டு, புதுப்பித்த உரிமத்தோடு சேர்த்துக் கொடுக்கலாம். மாதந்தோறும் ஆட்சியர் நடத்தும் விவசாயிகள் குறைதீர் கூட்டத்தில் இதை மனுவாகக் கொடுங்கள். விரிவாக்கப் பணியாளர்கள் எழுதித் தர உதவுங்கள்.

துப்பாக்கி சரியாகிவிட்டால் பன்றியைச் சுடலாமா என்றும் அந்தப் பெரியவர் கேட்டார். கூடாது. துப்பாக்கி உரிமம் வேட்டை உரிமம் ஆகாது. 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் காட்டுப்பன்றி இப்போது இரண்டாம் அட்டவணையில் இருக்கிறது. மயில் முதல் அட்டவணையில். நிற்கும் பயிருக்கு ஆபத்தான இரண்டாம் அட்டவணை விலங்கைக் கொல்ல 11-ஆம் பிரிவின்கீழ் அனுமதி தரும் அதிகாரம் வனத்துறைக்குத்தான் உண்டு. தமிழ்நாட்டில் 2025 ஜனவரியில் அறிவித்த ஏற்பாட்டின்படி, காப்புக்காட்டின் எல்லையிலிருந்து 1 கிலோமீட்டருக்குள் சுட அனுமதி இல்லை. 1 முதல் 3 கிலோமீட்டர் வரை பிடித்துக் காட்டில் விடுவார்கள். 3 கிலோமீட்டருக்கு அப்பால் வனத்துறையினரே சுடுவார்கள். கேரளத்தில் 2022 முதல் ஊராட்சித் தலைவரின் உத்தரவின் பேரில், பட்டியலில் உள்ள உரிமதாரர்கள் சுடுகிறார்கள். இங்கே அந்த வழி இல்லை. வேண்டுமா என்பது தனியாகப் பேச வேண்டிய விஷயம். இன்றைய நிலையில் உங்கள் துப்பாக்கியை நம்பி மட்டும் கடலை போடாதீர்கள். வேளாண் பொறியியல் துறை மானியம் தரும் சூரிய மின்வேலியைப் பாருங்கள். வீட்டு மின்சாரத்தை வேலியில் பாய்ச்சுவதும், அவுட்டுக்காய் வைப்பதும் பன்றியோடு மனிதரையும் கொல்லும், நினைக்கவே வேண்டாம்.

அந்தப் பெரியவர் துப்பாக்கியைப் பட்டறைக்கு அனுப்பவில்லை. மகனுக்குக் கடிதம் எழுதிக் கொடுப்பதாக முடிவு செய்து, அதில் என்னென்ன வேண்டும் என்று கேட்டார். உங்களில் பலருக்கும் அதே கேள்வி இருக்கலாம். உரிமதாரர் பெயரும் முகவரியும், உரிம எண்ணும் அதோடு உள்ள யு.ஐ.என். எண்ணும், துப்பாக்கியின் வகை, குழலில் பொறித்த எண், எடுத்துச் செல்பவரின் பெயர், உங்களுக்கு அவர் என்ன உறவு, எந்தக் கடைக்கு, எந்தப் பழுதுக்கு, எந்தத் தேதியில் என்பது, கீழே உங்கள் கையெழுத்து. கடிதத்தோடு உரிமத்தை அசலாகவே கொடுத்து அனுப்புங்கள். ஒரு நகலை வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள். தோட்டாவும் மருந்தும் கூடப் போக வேண்டாம். துப்பாக்கியை உறையில் போட்டு, வெறுமையாக எடுத்துப் போகட்டும். கடையில் ஒப்படைத்ததற்கு ரசீது வாங்கட்டும். திரும்ப எடுக்கும்போது குழலின் எண்ணை உரிமத்தோடு ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு வரட்டும்.